ஊசி போட்ட கிடாய்

சமயநல்லூரிலிருந்து அந்த ஆட்டுக்கிடாயைச் சரக்கு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது, எங்கள் கால்நடை மருத்துவமனை வாசலில் நின்றவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பு. கூட வந்தவர்கள் கிடாயின் சொந்தக்காரியும் அவருடைய கொழுந்தனும்.

“இத நம்பித்தான் பெட்டைகள விட்டேன் டாக்டரம்மா. ஒண்ணுகூட சினை பிடிக்கல” என்றார் அவர்.

“பாக்கத்தான் பயில்வான். பேசாம கறிக்குக் குடுத்துருவோம் மதினி.”

“நீ வாய மூடு. ஒனக்கு வாரவளும் இப்படித்தான் ஒடம்பப் பாத்து ஏமாறப் போறா.”

காரணங்களை மனதில் வரிசைப்படுத்தினேன்: வெயில், காய்ச்சல், தீவனம், வயது. பிறகு விதைப்பையை டேப் சுற்றி அளந்தேன்.

“சட்டை தைக்கவா?” என்றான் கொழுந்தன்.

அந்த உடம்புக்கு விதைப்பை மிகச் சிறியது. தொட்டால் தொளதொளவென்று இருந்தது. ஏதாவது ஊசி போடுகிறீர்களா என்று கேட்டேன்.

“கிடாய வித்தவரு ஒரு மருந்து குடுத்தாரு. விடாம போட்டா ஒடம்பும் ஏறும், வீரியமும் ஏறும்னாரு. போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஆண் ஹார்மோனாக இருக்க வேண்டும். அது வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், உள்ளே போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். விதைகளை வேலை செய்யச் சொல்வதை நிறுத்திவிடும். தசை கூடும், விந்தணு குறையும். பாடத்தில் படித்ததுதான். கிடாயின் விந்தை எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். நல்ல கிடாயின் விந்துச் சொட்டு நுண்ணோக்கியில் கொதிக்கும் உலைபோலச் சுழலும். இந்தச் சொட்டில் அசைவே இல்லை. அத்தனை பெரிய உடம்புக்குள் இப்படி ஒரு அமைதியா என்று மலைத்தேன்.

“ஊசிய நிறுத்துங்கக்கா. சரியாகலாம், உறுதியாச் சொல்ல முடியாது. புது விந்தணு உருவாகி வரவே ரெண்டு மாசம் ஆகும்.”

“அதுவரைக்கும் தீனி யாரு போடுறது?” என்றான் கொழுந்தன்.

அவர் கிடாயின் கொம்பைப் பிடித்தபடி நின்றார். “நான்தான ஊசியப் போட்டேன். நானே போடுறேன் தீனியும்.”

மழை தொடங்கியபின் மறுபடி வந்தார்கள். கிடாய் இளைத்திருந்தது. கண்ணாடித் துண்டில் சொட்டை வைத்துக் குனிந்தேன். அலை அலையாகப் புரண்டுகொண்டிருந்தது. நகர்ந்து அவரைப் பார்க்கச் சொன்னேன்.

“ஆத்தாடி, வைகையில வெள்ளம் வந்த மாதிரியில்ல இருக்கு! அம்புட்டும் உசுரா?”

“அம்புட்டும்தான்.”

கொழுந்தனும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

“போதும் பாத்தது, ஆட்டோவக் கூப்பிடு” என்றார் அவர். “வீட்டுல பெட்டை பருவத்துக்கு வந்து காலையிலருந்து கத்திக்கிட்டு நிக்குது.”