குண்டுக்கு ஒரு வளையம்

கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவளை ஷெட்டில் எல்லோரும் கொக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உயரம் ஒரு காரணம். இன்னொரு காரணம், மெஷினில் உட்கார்ந்தபடியே ஒரு நீளக் கம்பியை நீட்டி, புல்லில் நிற்கிற கட்டையைக் கொத்தி எடுப்பாள். பெயர் வைத்தவன் மெக்கானிக். கம்பியை வளைத்துச் செய்து கொடுத்தவனும் அவனே. அதனால் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

கட்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பணக்காரர்கள் விளையாட்டு, நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்க ஒரு மட்டமான புல்மேடை இருக்கும். அதற்கு டீ என்று பெயர். குடிக்கிற டீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேடையில் கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு கட்டைகளை ஊன்றியிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் பந்தை வைத்துத்தான் முதல் அடி அடிக்க வேண்டும். கெட்டிக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் பின்னால் நீலக் கட்டை, சாதாரண ஆட்டக்காரர்களுக்கு அதற்கு முன்னால் வெள்ளை, வயதானவர்களுக்கு இன்னும் முன்னால் மஞ்சள். எல்லோரும் ஒரே இடத்தில் நின்று அடித்தால் புல் சொட்டை விழுந்துவிடும். அதனால் தினமும் கட்டைகளைப் பிடுங்கி, புல்லை வெட்டி, வேறு இடத்தில் ஊன்ற வேண்டும். முதல் ஆட்டக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் பதினெட்டு மேடையும் முடிந்திருக்க வேண்டும். அந்த வேலை அக்காவுடையது.

அவள் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. வீட்டுக்காரர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பார்வை மங்கியதும் ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த வருடம்தான் அக்கா களை பிடுங்க இங்கே சேர்ந்தாள். விடியற்காலை மெஷினுக்கு ஆள் கிடைக்காமல் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நான் ஓட்டுறேன் சார், வீட்ல ஒரு டிரைவர் இருக்கார், சொல்லிக் குடுப்பார்" என்று சொன்னாள். சொல்லியும் கொடுத்தார். சமையலறையில் ஸ்டூலில் உட்கார வைத்து, தட்டைக் கையில் கொடுத்து, "திருப்பு, மெதுவா, பின்னாடி பாரு" என்று அவர் போட்ட அதட்டலைக் கேட்டு மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இப்போது மகனுக்குக் கல்யாணமாகி, மனைவி குழந்தையோடு மாடி அறையில் இருக்கிறான். அவன் வேலை நிற்பதும் கிடைப்பதுமாக இருக்கும். அக்கா வேலை மட்டும் நின்றதே இல்லை.

முட்டிதான் நின்றுவிட்டது. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், மெஷினிலிருந்து இறங்கினால் ஏற முடியாது, ஏறினால் இறங்க மனம் வராது. மெஷினில் ஏறி இறங்க முடியாதவர்களை ஆபீஸ் நிறுத்திவிடும். அது அங்கே எழுதிய விதி. அதற்குப் பயந்துதான் மெக்கானிக் கம்பியைச் செய்தான். பழைய மரக்கட்டைகளுக்கு நடுவில் இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம் உண்டு. கம்பியின் கொக்கியை அதில் மாட்டி இழுத்தால் கட்டை மேலே வந்துவிடும். காலடியில் போட்டுக்கொண்டு வெட்டி முடித்து, அதே கம்பியால் திரும்ப ஊன்றி, மேலே ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. விடியாத நேரத்தில் மேனேஜர் எங்கே வரப் போகிறார்? ஆபீசுக்கு இந்தக் கதையே தெரியாது.

மெக்கானிக்குக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அக்காவுக்கு நின்றுவிட வேண்டும் என்றிருந்தது. முட்டிக்காக மட்டும் இல்லை. காலையில் அலாரம் அடிக்கும்போது அழுகை வந்தது. நனைந்த புல்லின் வாசனையே அவளுக்குப் பிடிக்காமல் போயிருந்தது. ஆனால் தானாக நின்றால் நாளைக்கு வீட்டில் எது குறைந்தாலும் அவள்தான் காரணம். ஆபீசே நிறுத்திவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? வீட்டுக்காரர் ஒருநாளும் அவளை வேலைக்குப் போ என்று விரட்டியதில்லை. போதும் என்றும் சொன்னதில்லை. அந்த இரண்டாவது சொல்லுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். வீட்டில் கிடைக்காவிட்டால் ஆபீசிலாவது கிடைக்கட்டும் என்று நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

இந்த நிலையில்தான் கோப்பைப் போட்டி வந்தது. கட்டைகளின் பெயின்ட் போய்ப் பல காலம் ஆகிறது. வெள்ளை மஞ்சளித்து, மஞ்சள் வெளுத்து, இரண்டும் அண்ணன் தம்பியாகிவிட்டன. போட்டியன்று அரையிருட்டில் அக்கா ஏழாவது மேடையில் வெள்ளையையும் மஞ்சளையும் இடம் மாற்றி ஊன்றிவிட்டாள். பாதிப் பேர் நிறத்தைப் பார்த்து அடித்தார்கள், பாதிப் பேர் பழக்கத்தில் அடித்தார்கள். சாயங்காலம் கோப்பை யாருக்கு என்பதில் இரண்டு பெரிய மனிதர்கள் சட்டையைப் பிடிக்காத குறை. கமிட்டித் தலைவர் இரண்டு பக்கமும் தலையாட்டிச் சமாதானம் செய்துவிட்டு, மறுநாள் மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். புதுக் கட்டை வாங்க வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும், உழைக்கவும் வேண்டும்.

மேனேஜர் நல்ல மனிதர். அக்காவைத் திட்டவில்லை. மூன்று மாதிரிகளை வரவழைத்து ஷெட்டில் வைத்து, "தினமும் தொடுறது நீங்கதாம்மா. ஒரு வாரம் போட்டுப் பாருங்க. நீங்க எதைச் சொல்றீங்களோ அதைத்தான் நான் கமிட்டியில சொல்லுவேன்" என்றார்.

முதல் மாதிரி பிளாஸ்டிக் கூம்பு. நிறம் கண்ணைப் பறித்தது. முதல் நாளே காற்றில் சாய்ந்து மெஷினுக்குள் போய், புல்லோடு சேர்ந்து துருவலாக வெளியே வந்தது. இரண்டாவது, மரத்தை வட்டமாக அறுத்து வார்னிஷ் அடித்த பலகை. பார்த்தவர்கள் எல்லோரும் தடவிக் கொடுத்தார்கள். ஆனால் இடம் மாற்றாமல் விட்டுப் பார்த்ததில் இரண்டு நாளில் அடியில் புல் பழுத்துவிட்டது, மூன்றாம் நாள் கரையான் விசாரிக்க வந்துவிட்டது. மூன்றாவது, பெரிய ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு இரும்புக் குண்டு. சூளையில் சுட்ட பெயின்ட். அடியில் கெட்டியான ஆணி. காற்றுக்கு அசையாது, தூரத்திலிருந்தே நிறம் தெரியும், துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். அழகும் உழைப்பும் சேர்ந்த சாமான் அதுதான், அதில் சந்தேகமே இல்லை.

ஒரே ஒரு குறை. குண்டு மழமழவென்று இருந்ததால் கம்பி வழுக்கிக்கொண்டு போனது. அக்கா நான்கைந்து முறை கொத்திப் பார்த்தாள். கடைசியில் இறங்கினாள். குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் குண்டைப் பிடுங்கினாள். எழுந்திருக்கும்போது கண்ணில் பூச்சி பறந்தது. அந்த நிலையிலேயே, குண்டை மடியில் வைத்துக்கொண்டு, ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. இதையே வாங்கினால் மேடைக்கு மேடை இறங்க வேண்டும். விடிந்தும் வேலை முடியாது, பத்து நாளில் மேனேஜர் கண்ணில் பட்டுவிடும். அவரே வந்து, போதும்மா என்று சொல்லிவிடுவார். நினைத்தபோதே நெஞ்சு லேசானது. அன்றைக்கு அவள் வீட்டில் இரண்டு முறை சிரித்தாள் என்று மருமகள் மகனிடம் ஆச்சரியமாகச் சொன்னாள்.

வாரக் கடைசியில் ஷெட்டுக்கு மேனேஜரும் கமிட்டித் தலைவரும் வந்தார்கள். மாதிரிகளை மேஜைமேல் வைத்திருந்தார்கள். தலைவர் குண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா, எது?" என்றார் மேனேஜர்.

"குண்டு சார்," என்றாள் அக்கா. "சாயாது, வெளுக்காது, புல்லும் பழுக்காது. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

"அப்ப சரி, முடிஞ்சுது," என்றார் தலைவர்.

கிரீஸ் கையோடு மூலையில் நின்றிருந்த மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. ஒருவேளை அக்கா ஏழாவது மேடைத் தப்புக்குப் பரிகாரமாகத் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாளோ என்று அவனுக்குப் பட்டது. நல்லவர்களுக்கு வரும் சந்தேகம் எப்போதும் இப்படித்தான், சரியான இடத்துக்குப் பக்கத்து வீட்டில் போய்க் கதவைத் தட்டும்.

"சார், ஒரு நிமிஷம்," என்று முன்னால் வந்தான். "அக்காவால அதைத் தூக்க முடியாது சார். முட்டி ரெண்டும் போச்சு. மெஷினை விட்டு இறங்காமலே கம்பியிலதான் எடுப்பாங்க. இந்தக் குண்டுல கம்பி நிக்காது."

"தம்பி, நீ சும்மா இரு," என்றாள் அக்கா.

"எதுக்குக்கா சும்மா இருக்கணும்? வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்!"

மேனேஜர் அக்காவின் முட்டியைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். பத்து நாள் காத்திருக்க நினைத்தது இப்போதே வந்துவிட்டது. சொல்லப் போகிறார் என்று அக்கா நினைத்தாள். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?" என்றார் மேனேஜர். "உங்களை நிறுத்திடுவேன்னு பயந்தீங்களா? அந்த விதியெல்லாம் உங்களுக்கு இல்லைம்மா. உங்களை மாதிரி ஒரு ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?"

மெக்கானிக் அதற்குள் மேஜைமேல் இருந்த குண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். உள்ளே வெல்டிங் பளீர் பளீரென்று அடித்தது. திரும்பி வந்தபோது குண்டின் தலையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம் நின்றது. பக்கத்தில் பெயின்ட் கருகியிருந்தாலும் வளையம் நேராக, நடுவில், ஜோராக நின்றது. தலைவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது இன்னும் அழகா இருக்கே! மணி மாதிரி இருக்கு. வளையம் வெச்சே செய்யச் சொல்லுங்க," என்றார். யாரோ கை தட்டினார்கள். ஷெட்டே தட்டியது.

"பார்த்தீங்களாக்கா? இனிமே நீங்க எழுபது வயசு வரைக்கும் இறங்கவே வேணாம்," என்றான் மெக்கானிக். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய் இல்லை, அந்தப் பையனுக்குச் சொந்த அக்கா இருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டான்.

"நல்லா இருக்கு தம்பி," என்றாள் அக்கா. வேறு என்ன சொல்வது? அத்தனை பேர் ஒன்றுசேர்ந்து நல்லது செய்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நிற்கும்போது, எனக்கு வேண்டாம் என்று சொல்ல எந்த வாய்க்குத் தைரியம் வரும்?

புதுக் குண்டுகள் ஒரு மாதத்தில் வந்து சேர்ந்தன. நீலம், வெள்ளை, மஞ்சள், எல்லாம் வளையத்தோடு. கம்பியை நீட்டினால் ஒரே கொத்தில் மாட்டியது. பழைய கட்டைகூட இவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை. முதல் நாள் வேலை வழக்கத்தைவிடச் சீக்கிரமே முடிந்துவிட்டது. சீக்கிரம் முடிந்ததால் மேனேஜர் பயிற்சி மைதானத்தையும் அவளையே வெட்டச் சொன்னார்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் சமையலறையில் தடவித் தடவித் தட்டு எடுத்துக்கொண்டிருந்தார். வளையத்தின் கதை அவருக்கு முழுக்கத் தெரியும். மெக்கானிக் வீடு தேடி வந்து கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"என்னங்க," என்றாள்.

"சொல்லு."

"எனக்கு முடியலைங்க."

"முட்டியா? இரு, வெந்நீர் வைக்கிறேன்."

"முட்டி இல்லை. எனக்கு முடியலை. போதும்னு இருக்கு."

இவ்வளவு வருடத்தில் இந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் தட்டைக் கீழே வைத்தார். அவள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அவள் மேல் அவருக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. பிறகு அவர் முகம் தெளிந்தது.

"அதான் வளையம் வெச்சுக் குடுத்துட்டாங்களேம்மா," என்றார்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. வெந்நீர் வந்தது. துணியை முக்கிப் பிழிந்து, கை தடவி முட்டியைக் கண்டுபிடித்து, அவர் பதமாக ஒத்தடம் கொடுத்தார். இன்னொரு காலையும் அவளே நீட்டிக் கொடுத்தாள்.