பினாங்கில் ஓடிய காருக்குச் செஞ்சியில் பிரீமியம்

கார் இன்ஷூரன்ஸ் விற்பவனை ஊர் இரண்டு சமயம்தான் நினைக்கும்: பணம் கட்டும்போது திட்டுவதற்கு, மோதிய பிறகு தேடுவதற்கு. கட்டி நொந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும், விளக்க மாட்டேன். அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவில் எனக்கு ஒரு மேசை, ஒரு சைக்கிள். ஊரிலிருந்த கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு காரைப் பற்றித்தான் இங்கே அதிகம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

எலுமிச்சம்பழம்

முதலில் ஒரு ரைஸ்மில் முதலாளி. அமாவாசைக்கு அமாவாசை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார். இன்ஷூரன்ஸ் என்றால் மட்டும் முகம் சுருங்கும். சட்டப்படி கட்டித்தான் ஆகவேண்டும் என்றேன். கட்டினார். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பழம் வெச்சா நசுங்கற சத்தமாவது கேக்குது. ஒன் கம்பெனி இருக்குதா இல்லியான்னே தெரியல. இன்னாத்துக்குய்யா கட்றது?”

பாதிக் கார்

நேமிநாத நயினார் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தவர். ஜைனர். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. பொழுது சாய்ந்தால் காரும் கிடையாது. விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், கண்ணாடியில் அடிபட்டுச் சாகும், அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்பார். இந்த விரதத்தைச் சாமி முன்னால் சொல்லிவிட்டுத்தான் காரிலேயே ஏறினார்.

அது சீமைக் கார், கறுப்பு. பினாங்கிலிருந்த தம்பி சாந்தகுமார் கொடுத்தது. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு வாங்கினான். ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்து அண்ணனிடம் விட்டான். இன்னொன்று அவனுக்கு. ரப்பர்த் தோட்டங்களுக்கு அரிசி சப்ளை செய்பவன், ராத்திரியெல்லாம் ஓட்டுவான். விரதமெல்லாம் கப்பலேறும்போதே விட்டாயிற்று.

வருஷா வருஷம் தம்பி தன் பிரீமியத்தை எழுதுவான். அண்ணன் அதை வைத்துக்கொண்டு என் உயிரை எடுப்பார். அங்கே ஆரம்பத்தில் அதிகம்தான். ஆனால் மோதாமல் ஓட்டினால் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. இங்கேயும் அப்படி உண்டு என்றேன். ஆனால் சீமைக் காருக்கு ஸ்பேர் கிடைக்காது, அதனால் கம்பெனி கூட்டித்தான் போடும் என்றேன். கேட்கவில்லை.

“அவன் ராவும் பகலும் ஓட்றான், அவனுக்குக் கொறையுது. என் காரு பகல்ல மட்டுந்தான் ஓடுது. பாதிக் காருக்கு முழுப் பணம் எப்படி ஏஜெண்டு கேக்கறே?”

கண்ணாடி

ஒரு காலையில் நயினார் ஆள் அனுப்பினார். போனேன். கொட்டகையைத் திறந்து காட்டினார். முன் கண்ணாடி முழுக்கப் பூச்சி. ராத்திரி முழுக்க ஓட்டிய லாரியின் கண்ணாடி எப்படியிருக்குமோ அப்படி. ஈரத்துணியால் ஒவ்வொன்றாக எடுத்துப் புங்க இலையில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் இல்லை. பத்து நாளாக இப்படித்தானாம்.

கொட்டகைச் சாவி அவர் அரைஞாணில். டிரைவர் கோவிந்தன்தான் கள்ளச்சாவி போட்டு ஓட்டுகிறான் என்றேன். வேறென்ன சொல்வது? கோவிந்தன் அழுதுவிட்டான். நயினார் அவனைத் திட்டவில்லை. அவருக்குக் கவலை வேறு.

“யாரு ஓட்டினா இன்னா? காரு என்து. செத்ததெல்லாம் என் கணக்குலதான எழுதுவாங்க?”

ஆற்று மணல்

பிடித்துவிடலாம் என்றேன். சக்கரத்தைச் சுற்றி மாவு தூவச் சொன்னேன். எறும்பு வரும், மிதிபட்டுச் சாகும் என்றார். சரி, மணல். கோவிந்தனை விட்டே வராக நதி மணலைச் சலித்துக் கொண்டுவந்து கொட்டகைத் தரை முழுக்கப் பரப்பினோம். கதவில் என் பூட்டு. சாவியை நான் எடுத்துப் போனேன்.

மறுநாள் காலை மூவருமாகத் திறந்தோம். மணலில் ஒரு கோடு இல்லை. பானட்டைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. கண்ணாடியில் பூச்சி. நடுவில் ஒன்று உள்ளங்கை அகலம், இலை மாதிரி பச்சை. செஞ்சியில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. அதுகூடப் பரவாயில்லை. அது சித்திரை மாதம், ராஜகிரிக் கோட்டைப் பாறையெல்லாம் அனல் கக்கியது, ஊரில் மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. அந்தக் கண்ணாடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கோவிந்தன் என் பக்கம் திரும்பினான். “இப்பவாச்சும் நம்பறியா சார்? நான் தூங்கினேன். காருதான் தூங்கல.”

தம்பி

ஆடியில் தம்பி வந்தான். கைக்கடிகாரம், சென்ட், வாய் ஓயாத சிரிப்பு. என் பிரீமியத்தைக் கேட்டுவிட்டுக் கேலி செய்தான். இவ்வளவு வாங்கினால் அங்கே எவனும் கட்ட மாட்டானாம். அவன் இதுவரை ஒரு கீறல்கூடப் போட்டதில்லையாம்.

நயினார் உள்ளே போய், அந்தப் பச்சைப் பூச்சியை இலையோடு கொண்டுவந்து வைத்தார். எடுத்து வைத்திருந்திருக்கிறார். “இது நம்ம ஊர்ல ஏதுண்ணா?” என்றான் தம்பி. “எங்க தோட்டத்து ரோட்ல வெளக்கப் போட்டா இதுங்க கூட்டமா வரும்.”

“ஒங்கண்ணாடியில அடிக்காதா?” என்றேன்.

அவன் யோசித்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“அதான் சார் எனக்கும் புரியல. கண்ணாடி தொடைச்சே ரொம்ப நாளாவுது. மழையில ஓட்டினாக்கூட காலையில வெயில்ல வெச்ச மாதிரி இருக்குது.”

விற்பனை

தம்பி கப்பலேறியதும் நயினார் காரை விற்க முடிவு செய்தார். திருவண்ணாமலையில் ஒரு பட்டறைக்காரர் பிரித்து விற்பதாகச் சொல்லி முன்பணம் கொடுத்தார். அப்படிப் பிரித்தால்தான் இது நிற்கும் என்று நயினாருக்கு எண்ணம். முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. பாலிசியை ரத்து செய்ய என்னையும் வரச்சொன்னார்.

பட்டறைக்காரர் வந்தார். நயினார் கொட்டகையைத் திறந்தார். காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஸ்டியரிங் பின்னால் வந்து டிரைவர் சீட்டில் குத்தி நின்றது. அந்த இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் மிச்சமில்லை. முன் கண்ணாடியில் மட்டும் ஒரு விரிசல்கூட இல்லை. கொட்டகைச் சுவர் அப்படியே இருந்தது. ராத்திரி யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

பட்டறைக்காரர் ஒரு தடவை சுற்றி வந்தார். முன்பணத்தைக் கையை நீட்டித் திருப்பி வாங்கிக்கொண்டார்.

“ஓடாத காருன்னு சொன்னீங்க நயினாரே. நின்ன எடத்துல இவ்ளோ பெரிய அடி எப்படிப் படும்?”

தந்தி

அன்று சாயங்காலம் பினாங்கிலிருந்து தந்தி. மரம் ஏற்றிய லாரியோடு நேருக்கு நேர் மோதிவிட்டானாம். லாரி நொறுங்கிவிட்டதாம். தனக்குக் காயமில்லை, காருக்குக் கீறலில்லை, கவலை வேண்டாம் என்று தம்பி அடித்திருந்தான்.

நயினார் தந்தியை மடித்தார். நொறுங்கிய காரின் அந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நஷ்ட ஈட்டுக்கு எழுதலாமா என்று கேட்டேன். கேட்க வேண்டியது என் வேலை.

“எழுது. எங்க மோதிச்சுன்னு கம்பெனிக்காரன் கேப்பானே, இன்னான்னு எழுதுவே?”

நான் எழுதவில்லை.

புதுப்பித்தல்

அடுத்த வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஓடாத காருக்கு என்ன இன்ஷூரன்ஸ்? அவரே கடைத்தெருவுக்கு நடந்து வந்தார். இளைத்திருந்தார். பகலிலும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறார் என்று கோவிந்தன் சொல்லியிருந்தான். தினம் காலையில் கொட்டகை திறக்கிறார், கண்ணாடி துடைக்கிறார், இலையில் எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் புதைக்கிறார். காரைக் கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

பாலிசியைப் புதுப்பிக்கச் சொன்னார். வீண் செலவு என்றேன். வித்துத் தொலையுங்கள், இந்தப் பாவம் உங்களுக்கு எதற்கு என்றும் கேட்டேன்.

“வித்துட்டா, அடுத்த அடி எங்க வுழும்?” என்றார்.

ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். தம்பிக்கு அங்கே இந்த வருஷமும் குறைத்திருக்கிறார்களா என்று கேட்டேன், ஏதாவது பேசவேண்டுமே என்று. தலையாட்டினார். ரேட்டைச் சொன்னேன். வழக்கமாகச் சண்டை போடும் மனிதர், அன்று பேரம் பேசாமல் எண்ணி வைத்தார்.

“ரெண்டு காருக்குன்னு பாத்தா ஒன் ரேட்டு மலிவுதான் ஏஜெண்டு.”

தொழிலில் என் ரேட்டு மலிவு என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான், அன்று முதல் விடிந்ததும் எந்தக் காரின் முன் கண்ணாடியையும் நான் பார்ப்பதில்லை.