வரிசை தப்பிய திங்கட்கிழமை

பயணப் பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் எச்.ஆர். பிரிவு என்றால் ஒரே ஒருத்திதான். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவதால் அவளுக்குப் 'பட்டியல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்குப் போகச் சொல்வார்களா என்ற நினைப்பில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

முதலாளிக்கோ வேறு கவலை. புதுச் சரக்கு வராவிட்டால் போட்டிக்காரன் நம்மை விழுங்கி ஏப்பம் விட்டுவிடுவான் என்று கூட்டம் போட்டு மேசையைத் தட்டினார். "பெரிய மாற்றம் வரப்போகுது" என்று அறிவித்துவிட்டு வெளியூர் கிளம்பினார். என்ன மாற்றம் என்று அவருக்கே தெரியாது, பாவம்.

திங்கட்கிழமை காலை பட்டியல் வழக்கம்போல வாரப் பணி அட்டவணையை எல்லோருக்கும் அனுப்பினாள். அனுப்புமுன் பெயர்களை அகரவரிசையாக்கினாள். பக்கத்துக் கட்டத்தில் இருந்த பிரிவுகளோ நகராமல் அப்படியே நின்றுவிட்டன; ஒருவர் பெயருக்கு எதிரே இன்னொருவர் வேலை வந்துவிட்டது. முதலாளி சொன்ன மாற்றம் இதுதான் போலிருக்கிறது என்று ஒருவர் விடாமல் மூட்டை முடிச்சோடு இடம் மாறிவிட்டார்கள்! கணக்காளர் பசை வாளியோடு நின்றார். டிசைனர் புகார் போன் முன்னால் உட்கார்ந்தார். பேக்கிங் அக்கா டிசைனரின் நாற்காலியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

பத்து மணிக்கு விஷயம் புரிந்ததும் பட்டியலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருத்தினால் தப்பு அம்பலமாகும், வேலை போகும். வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குள் போனில் ஒரு அம்மாள் டிசைனரைப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். "உங்க பெட்டியைப் படுக்கப் போடாம திறக்கவே முடியாதா? ஸ்டேஷன் நடுவுல விரிச்சு வச்சா என் துணியெல்லாம் ஊரே பார்க்குது!"

ஆறு வருடமாகப் பெட்டி வரையும் மனிதருக்கு இது புதுச் செய்தி. எழுந்து தன் பழைய அறைக்கு ஓடி, அங்கே இருந்த பேக்கிங் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"இதைத்தானே நாலு வருஷமா புலம்பறேன், யார் கேட்டாங்க?" என்றாள் பேக்கிங் அக்கா. "நிக்கிற பெட்டியை நின்னபடியே திறக்கணும். முன்னால ஒரு கதவு வையுங்க சார்."

புதன்கிழமை மாதிரிப் பெட்டி தயார். கணக்காளர் ஒட்டிய கதவு கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் திறந்தது! திறந்தும் மூடியும் கூடமே கூத்தடித்தது. பட்டியலும் பயத்தை மறந்து கைதட்டினாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி பெட்டியைப் பார்த்துத் துள்ளினார். "ஆளுங்களை இப்படி மாத்திப் போட யாரும்மா யோசிச்சது? நீங்களா?"

'ஆமாம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் பேக்கிங் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"யோசனையெல்லாம் இல்ல சார், தப்பு. பேரை மட்டும் வரிசைப்படுத்திட்டேன். பெட்டி இவங்களோடது" என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

முதலாளி அந்தக் கோணல் கதவை இன்னொரு முறை திறந்து மூடினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நாம வெளியில மூளைக்காரங்க வேணும்னு விளம்பரம் கொடுத்துட்டு இருந்தோமேம்மா!" நிரந்தர உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். "மாசம் ஒரு வாரம் இந்தத் தப்பைப் பண்ணுங்க. என் பேரையும் சேருங்க."

அவள் அவர் எதிரிலேயே வரிசைப்படுத்தினாள். முதலாளி பேக்கிங்கில் போய் விழுந்தார்.

வேலை நிரந்தரமாகி நான்கு நிமிடம்கூட ஆகாத பட்டியல் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வந்துடணும் சார். பத்து நிமிஷம் தாண்டினா அரை நாள் லீவு கழிச்சுடுவேன்."