மோடமும் மச்சானின் தேர்வு எண்ணும்

அக்காவின் கணவர் கம்பம் ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு உரக்கடை மாடியில் ஆறு கம்ப்யூட்டர்கள். எங்கள் சொந்தத்தில் யாருக்குத் தேர்வு முடிவு வந்தாலும் மச்சான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் தேனியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல் படித்தபோது என் முடிவையும் அவர்தான் பார்த்தார்.

இரண்டு பாடத்தில் அரியர். எனக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். அவர் அதை பிரிண்ட் எடுத்து, நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் ஜெயமங்கலத்தில் பெரியப்பா மகளுக்கு நிச்சயம் நடந்த அன்று கொண்டுவந்தார். பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது பிரித்து வாசித்தார்.

"கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளைக்குக் கம்ப்யூட்டர்லயே ரெண்டு பேப்பர் போயிருச்சு மாமா. டீச்சர் ட்ரெயினிங்ல சேத்து விடுங்கன்னு நான் அப்பவே சொன்னேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்ற அக்காவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "இந்த வருசத்தோட போதும்த்தா. மாப்பிள்ளை சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்றார். நான் அழுது, சாப்பிடாமல் கிடந்து, இன்னும் ஒரு செமஸ்டர் என்று அவகாசம் வாங்கினேன்.

அரியரை முடித்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அடுத்த முடிவை அந்த மனுஷன் கண் படுவதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டும், அதுவும் என் வீட்டில் உட்கார்ந்து. அந்த ஒரு எண்ணத்திலேயே நாட்கள் போயின.

வீட்டில் போன் இருந்தது. சீனியர் அக்கா ஒருத்தி சென்னைக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் எங்கள் கல்லூரி மேடம் கொடுத்த சிடியிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டிருந்தேன். போன் வழியாக இணையத்தில் சேர்க்கும் மோடம் கார்டு ஒன்றைத் தேனியில் வாங்கி, மூடியைக் கழற்றி நானே சொருகினேன். போன் ஒயரை மாட்டினேன். மோடத்தைத் தேடும் கட்டளையைக் கொடுத்தால், மோடமே இல்லை என்று வந்தது. கழற்றி வேறு இடத்தில் சொருகினேன். இல்லை. கார்டு இருப்பது பட்டியலில் தெரிகிறது, ஆனால் அதோடு பேச முடியவில்லை.

மேடம்தான் விளக்கினார். அது பாதி மோடமாம். மீதி வேலையை விண்டோஸில் ஓடும் டிரைவர் என்ற மென்பொருள் செய்ய வேண்டுமாம். லினக்ஸில் அந்தப் பாதி கிடையாது. யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள், அதை இறக்கி, என் கம்ப்யூட்டரிலேயே தொகுத்து, அதாவது கம்பைல் செய்து, போட வேண்டும்.

இணையம் வருவதற்கு இணையத்திலிருந்து ஒன்றை இறக்க வேண்டும். எனக்குக் காசில்லாமல் கிடைக்கும் ஒரே இணையம் கம்பத்தில் இருந்தது.

பிளாப்பியோடு போனேன். மச்சான் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னத்த எறக்குற?"

"லினக்ஸுக்கு மோடம் டிரைவர் மச்சான். காலேஜ் ப்ராஜெக்ட்."

"அதுல மோடமெல்லாம் பேசாது. ஓசியில கெடைக்குதுன்னு போட்டுக்கிட்டு அலையுறீக. அங்கன மூணாவது சிஸ்டத்துல ஒக்காரு."

அவர் சென்டரில் உட்கார்ந்து, அவர் இணைப்பில் அதை இறக்கியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் குறைத்துச் சொல்ல மனமில்லை. வீட்டுக்கு வந்து தொகுத்தால் பக்கம் பக்கமாகப் பிழை. என் லினக்ஸின் பதிப்பு வேறு, அந்த டிரைவரின் பதிப்பு வேறு. மறுபடி ஜெயமங்கலத்திலிருந்து கம்பத்துக்கு இரண்டு பஸ் மாறினேன்.

அந்த இரண்டாவது பயணத்தில்தான் அதைப் பார்த்தேன். இன்னொரு பிளாப்பி கேட்டு அவர் மேசைக்குப் போனபோது, கண்ணாடிக்கு அடியில் அவருடைய ஹால் டிக்கெட் கிடந்தது. தபால் வழியில் எம்.சி.ஏ., கடைசி ஆண்டு. கல்யாணப் பத்திரிகையிலேயே அவர் பெயருக்குப் பின்னால் எம்.சி.ஏ. என்று அச்சடித்திருந்தார்கள். அந்தப் பட்டத்துக்காகத்தான் அப்பா அக்காவைக் கொடுத்தார். அவர் டீ சொல்லக் கீழே போயிருந்தார். அதில் பத்து இலக்கத் தேர்வு எண். பஸ் வீரபாண்டி தாண்டும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து, நோட்டில் எழுதினேன்.

இந்த முறை டிரைவர் பிழையில்லாமல் ஏறியது. கட்டளை கொடுத்தேன். மோடம் இருக்கிறது என்றது. இணைய இணைப்புக்கான எண்ணைச் சுழற்றச் சொன்னால், டயல் டோன் இல்லை என்று நின்றுவிட்டது. போனை எடுத்துக் காதில் வைத்தால் டோன் நன்றாகக் கேட்கிறது. நாலு நாள் இதிலேயே போனது. மோடம் எதிர்பார்ப்பது வெளிநாட்டு டோன், நம் ஊர் டோன் அதற்கு டோனாகவே தெரிவதில்லை என்று லினக்ஸ் சிடியில் இருந்த ஒரு உதவிப் பக்கத்தில் கண்டேன். டோனுக்குக் காத்திராமல் டயல் செய் என்று சொல்ல X3 என்று இரண்டே எழுத்து சேர்க்க வேண்டும். சேர்த்தேன். மோடம் கீச்சிட்டது, இரைந்தது, அடங்கியது. அடுப்படியிலிருந்து அம்மா, "ஏய், போனுல என்னத்தடி போட்டு அறுக்குற?" என்றாள்.

இணைந்தும் பக்கம் எதுவும் திறக்கவில்லை. தளத்தின் முகவரியை எண்ணாகக் கொடுத்தால் போகிறது, பெயராகக் கொடுத்தால் போகவில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் கம்ப்யூட்டர் எது என்று ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியை எழுதியதும் திறந்தது.

என் முடிவு ஒரு மத்தியானம் வந்தது. அரியர் இரண்டும் உட்பட எல்லாம் தேர்ச்சி. அப்பாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். "மாப்பிள்ளைட்டயும் ஒருதரம் கேட்டுக்கிருவோமா?" என்றார். அந்தக் கேள்வி என்னை என்ன செய்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு வாரத்தில் தபால் வழி முடிவுகள் வந்தன. நோட்டை எடுத்து அந்தப் பத்து இலக்கத்தை அடித்தேன். மூன்று பாடத்தில் தோல்வி. பாடம், மதிப்பெண், பக்கத்தின் முகவரி எல்லாவற்றையும் முத்து முத்தாக ஒரு தாளில் எழுதினேன். பிறகு காத்திருந்தேன். நானாகப் போய்ச் சொல்லக்கூடாது, அவர் கேட்க வேண்டும்.

அக்கா மகளுக்குக் கம்பத்தில் காதுகுத்து. பந்தி நடந்துகொண்டிருந்தது. மச்சான் என் இலைக்கு எதிரே வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னத்தா, இந்தத் தடவ எத்தன அரியர்?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான். உங்களுக்குத்தான் மூணு."

தாளைப் பிரித்துப் பாடம் பாடமாக வாசித்தேன். மச்சானின் அப்பா பக்கத்து இலையிலிருந்து, "என்னய்யா சொல்லுது இந்தப் புள்ள? நீதான் எப்பவோ முடிச்சிட்டயே" என்றார். மச்சான், "அது... அதுல ஏதோ தப்பா வந்திருக்குப்பா" என்றார்.

"உங்க சென்டர்லயே பாக்கலாம் மச்சான். அட்ரஸ் எழுதிருக்கேன்" என்று தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அவருடைய அப்பா வாங்கிக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவுக பெயிலானது எனக்குத் தெரியும்டி. எங்கிட்டச் சொல்லி அழுதாக. அத்தன பேரு முன்னாடி இப்படிச் செய்யலாமா?"

"அவரு எனக்கு அதத்தானக்கா செஞ்சாரு. நீ சிரிச்ச."

அவள் கையை எடுத்துவிட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. அது வலித்தது. மச்சான் பேசாதது வலிக்கவில்லை. அப்பா என்னைத் திட்டினார், ஆனால் படிப்பை நிறுத்துவது பற்றி அதற்குப் பிறகு பேச்செடுக்கவில்லை. அடுத்த முடிவுக் காலத்தில் சொந்தக்காரப் பிள்ளைகள் எண்ணைச் சொல்ல எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார்கள். யாருடைய எண்ணோ, முடிவை அவர்களிடம் மட்டும் சொன்னேன்.

மச்சான் விட்டுவிடவில்லை, திரும்ப எழுதினார். மூன்றாவது தடவையில் எல்லாம் முடித்துவிட்டதாக அப்பா ஒருநாள் இனிப்போடு வந்தார். எனக்கு அது முன்தினமே தெரியும். இடையில் இரண்டு தடவை அவர் தவறியதும் தெரியும். முடிவு வரும் ஒவ்வொரு முறையும் மோடத்தைப் போட்டு அந்த எண்ணை அடித்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பார்ப்பதே போதுமானதாக இருந்தது.