பட்டாளத்து மேசையின் இரண்டாவது கால்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறு மாதம் நான் வாங்கிய முதல் பொருள், ஆறடி நீளமுள்ள ஒரு பரோட்டாப் பலகை.

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்கு அருகே நெடுங்காலம் நடந்த ஒரு சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டார்கள். அதன் தட்டுமுட்டுச் சாமான்களை, மேலப்பாளையத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய் மொத்தமாக எடுத்து வந்திருந்தார். நான் போனது புத்தக அலமாரி பார்க்க. ஆனால் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துக் கிடந்த அந்தப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு முனை மட்டும்தான் எழும்பியது.

“தேக்கு, சார்வாள். மாவை அடிச்சி அடிச்சி மாஸ்டர் கைதான் தேஞ்சிருக்கும், பலகை தேயல” என்றார் பாய்.

அடியில் ஒரு பக்கம் மட்டும், ஸ்டூல்போல விரிந்து நிற்கிற, மடக்கக்கூடிய இரும்புக்கால் இருந்தது. அந்தக் கடையில் மறுமுனையைச் செங்கல் அடுக்கில் நிறுத்தியிருந்தார்களாம். வாங்கிவிட்டேன். அந்தக் கால் மடங்கிய விதம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

லோடு ஆட்டோவைப் பார்த்ததும் என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். “இத்தன வருசமா பெஞ்சும் டெஸ்கும் பாத்தது பத்தாதுன்னு இதையும் தூக்கிட்டு வந்திருக்கியளா?”

சொன்னாளே தவிர, தோசைத் திருப்பியை எடுத்து வந்து பிசுக்கைச் சுரண்டத் தொடங்கியதும் அவள்தான். மேல்பக்கம் முடித்து, பலகையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைச் சுரண்டும்போது மரத்தில் ஆழமாகக் குத்திய ஒரு குறி தெரிந்தது. மூன்று கோடுகள் மேலே ஓர் இடத்தில் சேர்ந்திருந்தன. பக்கத்தில் ‘27’ என்று ஓர் எண்.

“நல்லா பாருங்க. உங்களுக்கு நாமம் போட்டது போக, பலகையிலயும் போட்டே குடுத்திருக்காரு பாய்” என்று சிரித்தாள்.

எனக்கும் அது தலைகீழாகப் போட்ட நாமமாகத்தான் தெரிந்தது. ஆனால் எண் எதற்கு? அடுத்த தெருவில் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா இருக்கிறார். என் மனைவியோடு காலையில் நடக்கப் போகிறவர். மறுநாள் வந்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“இது அம்பு. வெள்ளைக்காரன் சர்க்கார் சாமான்னா இதைக் குத்தி வச்சிருப்பான். யாராவது தூக்கிட்டுப் போனாலும் தெரியணும்லா! வடக்க நான் வேல பாத்த பழைய ஆஸ்பத்திரியில இந்த மாதிரி மேசை நாலஞ்சு கெடந்திச்சு. பட்டாளத்துக்காரங்க பாரக்ஸுல கூடி உக்காந்து சாப்பிடுத மேசை” என்றார். பிறகு இரும்புக்காலைத் தடவிப் பார்த்து, “இங்கனயும் இருபத்தேழு. ஒரு மேசைக்கு ஒரே நம்பர். இன்னொரு கால் எங்க சார்?” என்று, நான் ஒளித்து வைத்திருப்பதுபோலக் கேட்டார்.

பாய்க்குப் போன் செய்தேன். அவர் அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரரைக் கேட்டார். இன்னொரு கால் எத்தனையோ வருடங்களுக்கு முன்பே கடைக்காரரின் அக்கா வீட்டுக்கு, சாத்தான்குளத்துக்குப் போய்விட்டதாம். எதற்கென்று அவருக்கே நினைவில்லை.

நானும் மனைவியும் நர்ஸ் அக்காவும் ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறினோம். கடைக்காரரின் அக்கா, பனைகளுக்கு நடுவே ஒரு ஓட்டு வீட்டில் ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தேடிவந்த கால் முற்றத்தில், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றது. முழுக்கத் துரு. தொட்டியை இறக்கிவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்தோம். முதலில் அம்பின் நுனி வந்தது. பிறகு ஒரு ‘2’. அடுத்த எண் வருவதற்குள் நான்கு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டோம்.

“ஏழு!” என்று நர்ஸ் அக்கா போட்ட சத்தத்தில் ஆடு இரண்டடி பின்னால் போனது.

வீட்டுக்காரம்மா யோசித்தார். “எடுத்துக்கிடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்தக் கெடா குனிஞ்சு குடிக்காது. இந்த ஒசரத்துக்குப் பழகிப்போச்சு. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு எடுத்துக்கிடுங்க.”

நியாயமான பேச்சு. நர்ஸ் அக்கா முழம்போட்டு உயரத்தை அளந்தார். பஜாரில் ஒரு வெல்டிங் பட்டறையைப் பிடித்து, அதே உயரத்தில் ஒரு ஸ்டாண்டு அடித்து வாங்கி வந்தோம். தொட்டியை அதன்மேல் வைத்துவிட்டு விலகி நின்றோம். கிடா சுற்றி வந்தது. புதுப் பெயிண்டை முகர்ந்து தும்மியது. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாய் வைத்துக் குடித்தது. என் மனைவி கைதட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் மறித்தார். “இரும்புக்கெல்லாம் எடம் கெடையாது, அண்ணாச்சி.”

“இது பட்டாளத்து ஆளு தம்பி, லீவுல வீட்டுக்குப் போகுது. பைய பாத்து ஏத்துங்க” என்றார் நர்ஸ் அக்கா. கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, காலைக் கடைசி சீட்டுக்கு அடியில் தானே தள்ளிவிட்டார்.

காலைப் பொருத்த வந்த ஆசாரி நல்ல வேலைக்காரர். ஆனால் வந்ததும் வார்னிஷ் டப்பாவைத் திறந்தார். “பாலிஷ் போட்டாத்தான் தேக்கு தேக்கா தெரியும்” என்பது அவர் கட்சி. “இதுக்கு ஒருநாளும் பாலிஷ் கெடையாது. மணலும் சோப்பும் போட்டுத் தேச்சுத் தேச்சு வெளுத்து நிக்கணும்” என்பது நர்ஸ் அக்காவின் கட்சி. இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடிப்பக்கம் ஒரு சாண் இடத்தில் வார்னிஷ் பூசச் சொன்னேன். பக்கத்தில் ஒரு சாண் இடத்தை மணல் போட்டுத் தேய்த்தேன். காய்ந்தபின் பார்த்தால், வார்னிஷ் பூசியது நேற்றுக் கடையில் வாங்கியதுபோலப் பளபளத்தது. தேய்த்த இடத்தில் மரத்தின் ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆசாரி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். “சரி, இது நிக்கட்டும்” என்று டப்பாவை மூடிவிட்டார்.

மூன்று நாள் தேய்த்தேன். முதல் நாள் கறுப்புத் தண்ணீர் ஓடியது, இரண்டாம் நாள் தேயிலைத் தண்ணீர். தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. ஆனாலும் விடிந்ததும் பிரஷ்ஷைத் தேடியது கை. மூன்றாம் நாள் மத்தியானம், மேல்பலகையின் ஓரத்தில் கத்தியால் கீறிய ஒரு தாயக்கட்டம் தெளிந்து வந்தது. எந்தச் சிப்பாய் கீறியதோ என்று நான் நெகிழ்ந்துகொண்டிருந்தேன். பார்க்க வந்த பாய், “பரோட்டா மாஸ்டர் சும்மா இருந்த நேரத்துல கீறியிருப்பாரு” என்றார். நர்ஸ் அக்கா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. இழைத்து எடுத்துவிடட்டுமா என்று கேட்ட ஆசாரியை மட்டும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மேசையை நிறுத்தினோம். பக்கத்துக்கு மூன்று பேர். நான், மனைவி, நர்ஸ் அக்கா, பாய், ஆசாரி, கருப்பட்டிப் பொட்டலத்தோடு பஸ் பிடித்து வந்த சாத்தான்குளத்து அம்மா. இலை போட்டு, தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும். பரிமாறுவதற்கு முன் பாய் எழுந்து மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். டம்ளரில் இருந்த தண்ணீர்கூட அலுங்கவில்லை.

“ஊத்துங்க மைனி” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.