இடது பக்கத்து ஸ்டியரிங்

பிள்ளைகளே, பழைய படத்தில் நம்முடைய அந்தக் காரைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ரேஸ் காரா?" என்று கேட்கிறீர்கள். அதை எப்படிச் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. அமெரிக்காவில் செய்தது. கதவு இரண்டுதான், இஞ்சின் மட்டும் எட்டு சிலிண்டர். மூக்கு நீளம், பின்பக்கம் குட்டை. செம்மஞ்சள் நிறம், பொனட்டின் மேல் இரண்டு கறுப்புக் கோடு. ஸ்டார்ட் பண்ணினால் நம் டயர் கடை அலுமாரியில் கிடக்கும் நட்டுகள் கிலுகிலுவென்று ஆடும்.

அதை நான் வாங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் துரை டயர் மாற்றுவதற்காகக் கொண்டுவந்து விட்டார். அந்த அளவில் டயர் நாட்டிலேயே இல்லை. டயர் வருவதற்குள் துரை வெளிநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். போகும்போது, "நீயே வச்சுக்கோப்பா" என்று பதிவையும் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். அன்பால் கொடுத்தாரா, தலையிலிருந்து பாரம் இறங்கட்டும் என்று கொடுத்தாரா? அதுவும் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் வேன் டயர்களைத் தேடிப் பிடித்து மாட்டினேன். பார்க்கிறபோது சேவலுக்குச் சப்பாத்துப் போட்டதுபோல் இருந்தது.

எனக்கு அதில் பெரிய ஆசை. ஆனால் அந்தக் காரை நான் தனியாக ஓட்டியதே இல்லை, ஓட்டவும் முடியாது. ஸ்டியரிங் இடது பக்கத்தில் இருந்தது. நம் நாட்டில் வாகனம் றோட்டின் இடது பக்கமாகப் போகும். அதனால் நான் வடிகான் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். முன்னால் ஒரு லொறி போனால் அதன் பின்பலகையைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. வலது பக்க ஆசனத்தில் இருக்கும் உங்கள் அம்மாதான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

"போகலாமா?"

"வேண்டாங்க. பஸ் வருது."

"இப்ப?"

"வேண்டாங்க."

பஸ் போன பிறகும் வேண்டாம். றோட்டு வெறுமையாக இருந்தாலும் வேண்டாம். மாத்தளை மாவட்டத்திலேயே பலமான இஞ்சினை வைத்துக்கொண்டு, நாலந்தாவிலிருந்து டவுன் வரைக்கும் வைக்கோல் ட்ரக்டருக்குப் பின்னாலேயே போயிருக்கிறேன். ஒருநாள் ஒரு ட்ரக்டர்க்காரர் நம்மைத் தாண்டிப் போகும்போது, "என்ன மொதலாளி, சத்தம் புலி மாதிரி, ஓட்டம் ஆமை மாதிரி!" என்று சிரித்தார்.

அம்மா பதறிப்போனாள். "அண்ணே, அந்த வார்த்தைய றோட்டுல வச்சு சொல்லாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

காலம் அப்படி. புலி என்ற சொல் ஆமிக்காரர் காதில் விழுந்தால், இயக்கத்து ஆள் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் மூத்த அக்காவுக்கு ஆசிரிய நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை வந்தது அந்தக் காலத்தில்தான். மாத்தளைக் கல்விக் கந்தோருக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அதற்கு முதல்நாள், வாகனம் ஒன்றும் ஓடக்கூடாது, கடை திறக்கக்கூடாது என்று அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பிய கூட்டத்தார் இரவோடிரவாகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பகலில் ஆமிக்காரர்கள் ஒலிபெருக்கியோடு வந்து, கடை திறக்கத்தான் வேண்டும், வாகனம் ஓடத்தான் வேண்டும் என்றார்கள். கடையை நான் பாதி திறந்தேன். அது இரண்டு பேருக்கும் பொருத்தமா, இரண்டு பேருக்கும் குற்றமா என்று அப்போதும் தெரியவில்லை.

காலையில் பஸ் ஒன்றும் வரவில்லை. அக்கா சேலை உடுத்தி வாசலில் நின்றாள். வீட்டில் முதல்முதலாக அரசாங்க வேலைக்குப் போகப்போகிறவள் அவள்தான்.

"அப்பா, போகலைன்னா என் பேரை வெட்டிருவாங்க," என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். அவள் உள்ளே போனாள். கடைகள் இருக்காது என்பதால் ஒரு வட்டமான பிஸ்கட் தகரத்தில் சோறு போட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அக்கா முன்ஆசனத்தை மடக்கிப் பின்னால் ஏறினாள்.

பலாபத்வலைக்கு முன்னால் ஒரு வளைவைத் திரும்பினோம். எங்களுக்கு முன்னால் ஓர் ஆமி ட்ரக். நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப்போனால் சுட்டுவிடுவார்கள் என்று பயம். பின்னால் ஒட்டிப்போனால், ட்ரக்குக்குக் குண்டு வைத்தால் நாமும் போய்ச்சேருவோம் என்று பயம். நின்றால் ஏன் நின்றாய் என்பார்கள். திரும்பினால் ஏன் திரும்பினாய் என்பார்கள். என் கால் பிரேக்கையும் பெற்றோல் பெடலையும் மாறி மாறி மிதித்தது. அக்காவின் நேரம் போய்க்கொண்டிருந்தது.

ட்ரக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த சிப்பாய்கள் நம் காரையே பார்த்தார்கள். துவக்கை நிமிர்த்திக்கொண்டு பார்த்தவர்கள், கொஞ்ச நேரத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அம்மா அந்த வட்டத் தகரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கண் இமைக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். அவள்தான் காரை ஓட்டுகிறாள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்!

ட்ரக் இடது ஓரம் ஒதுங்கியது. ஒரு சிப்பாய் அம்மாவைப் பார்த்து, போ போ என்று கையை வீசினான்.

"போங்க," என்றாள் அம்மா.

"என்ன சொல்ற?"

"றோட்டு காலியா இருக்கு. போங்கங்கிறேன்!"

அந்தக் காரில் அவள் வாயிலிருந்து நான் அந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மிதித்தேன். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து உறுமியது. ட்ரக்கின் பக்கத்தில் வந்தபோது அதன் டிரைவர் மேலிருந்து குனிந்து பார்த்தான். அவனுக்கு நேர் கீழே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான். அவன் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. ஏமாற்றிவிட்டோம் என்று நினைப்பார்களோ, பின்னாலிருந்து சுடுவார்களோ என்று அலுவிகாரை வரும்வரைக்கும் என் முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

அலுவிகாரையில் செக் பொயின்ட். காவலுக்கு நின்றவன் நேரே வலது பக்கம் வந்து அம்மாவிடம் கையை நீட்டினான்.

"நோனா, லைசன்ஸ்."

"நான் ஓட்டலைங்க மாத்தயா. அவருதான்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அம்மா தகரத்தைத் தூக்கிக் காட்டினாள். "இது சோறு."

அவன் சோற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஸ்டியரிங் இருக்கவேண்டிய இடத்தைக் குனிந்து பார்த்தான். அதற்குள் அந்த ட்ரக்கும் பின்னால் வந்து நின்றது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அதை விடு மச்சான், அந்த நோனா கையில்லாமலேயே ஓட்டுறா!" என்று சிங்களத்தில் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எங்களை விட்டுவிட்டார்கள்.

கந்தோரில் பரீட்சைக்கு வந்திருந்தவர்கள் அக்காவோடு சேர்த்து மூன்று, நாலு பேர். ஐயாமார் பிந்தித்தான் வந்தார்கள். அக்காவைக் கேள்வி கேட்டார்கள். அவளுக்கு நியமனமும் கிடைத்தது.

ஆனால் கொஞ்ச நாளில், அன்றைக்கு வர முடியாதவர்களுக்கு அதே பரீட்சையை மறுபடியும் வைத்தார்கள். அவர்கள் பஸ்ஸிலேயே சாவகாசமாகப் போய் வந்தார்கள். அப்படியென்றால் மூன்று உயிரை எதற்காக றோட்டில் வைத்தேன்?

அம்மாவிடம் கேட்டதற்கு, "மறுபடி வைப்பாங்கன்னு அன்னைக்கு உங்ககிட்ட யாரு வந்து சொன்னா?" என்றாள். அது சரிதான்.

"என்னைக்கும் வேண்டாங்கிறவ, அன்னைக்கு மட்டும் ஏன் போங்கன்னு சொன்ன?"

"பின்னால புள்ள அழுதுச்சு. இந்த இஞ்சின் சத்தத்துல உங்களுக்கு எங்க கேக்கும்?"

அக்காவிடம் கேட்டேன். "நான் அழவே இல்லையேப்பா," என்கிறாள். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

அதன் பிறகு அம்மா அந்த ஆசனத்தில் ஏற மறுத்துவிட்டாள். அவள் ஏறாமல் நான் எப்படி ஓட்டுவது? கார் கொட்டிலிலேயே நின்றது. அடுத்த வருஷம் கண்டியிலிருந்து ஒருவர் வந்து இழுத்துக்கொண்டு போனார்.

அன்று போனது சரியா பிழையா? சில நாள் சரி என்று படுகிறது. சில நாள் அந்த வளைவு நினைவுக்கு வந்து, பிழை என்று படுகிறது. நியமனம் கிடைத்த அடுத்த மாதத்திலிருந்து அக்கா கொண்டுவந்த சம்பளத்தில்தான் நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.