எங்கள் வீட்டுச் சைவப்பூனையின் ஆகார விபரம்

ஐயா அல்லது அம்மணி அவர்களுக்கு,

வீட்டினுள்ளே பூனை வளர்க்கும் எண்ணம் தங்களுக்கு இருக்குமாயின், இதனைச் சற்றுப் பொறுமையுடன் வாசிக்கும்படி வேண்டுகிறேன். நயினாதீவில் எங்கள் வீட்டில் முன்பொரு சைவப்பூனை இருந்ததென்றும், அது மீன், இறைச்சி என்ற மச்சம் எதையும் முகர்ந்தும் பாராமல் தயிர்ச்சோற்றிலேயே கொழுத்து வளர்ந்ததென்றும் காரைநகர்ப் பக்கத்தில் இன்றும் ஒரு கதை நடமாடுகிறது. சென்ற மாதம் வள்ளத்தில் வந்திறங்கிய ஒருவர், கொழும்பில் மாடிவீட்டில் இருக்கும் தம் மகள் ஒரு பூனைக்குட்டி வளர்ப்பதாகவும், அதற்குப் பூசணிக்காயும் பருப்பும் எந்த அளவில் கொடுக்கவேண்டும் என்று அறிந்துபோகவே வந்ததாகவும் சொன்னார். என் தமக்கையார் அடுத்த அறையில் இருந்தபடியால் வந்தவருக்கு நான் உண்மையைச் சொல்ல இயலவில்லை. அந்தக் குட்டியின் முகம் தெரியாதபோதிலும் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே எழுதத் துணிகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளில் இறங்குதுறைக்கு அருகே ஒரு தேநீர்க்கடை வைத்திருந்தேன். மணமாகாதவன். காரைநகரில் வாழ்க்கைப்பட்டு, கணவரை இழந்தபின் திரும்பிவந்த தமக்கையாரும் நானுமே வீட்டில் இருந்தோம். அவர் வந்த நாள்முதல் எங்கள் குசினியில் மச்சம் என்ற சொல்லும் புழங்கியதில்லை. நெல்மூட்டைகளை எலி வெட்டத் தொடங்கியபோது, கடையில் சீனிச்சாக்கின்மேல் படுத்திருந்த ஒரு வரிப்பூனைக்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்து சேர்த்தேன். அக்கா அதனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தீர்ப்புக் கூறினார்.

“இருக்கட்டும். ஆனால் வாசற்படி தாண்டப்படாது. வெளியிலை போனால் மீன்தலையோடைதான் திரும்பி வரும். மச்சம் இதின்ரை வாயிலை பட்ட அண்டைக்கே வள்ளத்திலை ஏத்தி அனுப்பிப்போடுவன்.”

அக்கா சொன்னால் செய்வார். அந்த நாள்முதல் அது வீட்டுப்பூனையாயிற்று, சைவமும் ஆயிற்று. பாற்சோறு, பருப்பு, அவித்த பூசணிக்காய், வெள்ளிக்கிழமைகளில் பாதி மோதகம் என அதற்கு ஒரு குறையும் வைக்கப்படவில்லை. எனினும் சில மாதங்களில் அதன் மயிர் வீடு கூட்டும் தும்புத்தடியைப் போலாயிற்று. பால் குடித்தால் வயிறு கழிந்தது. யன்னலுக்குப் பாய்ந்தால் பாதி வழியில் விழுந்து, தான் பாயவே இல்லை என்பதுபோலப் பாதத்தை நக்கியது. எலிகள் அதன் முன்னாலேயே நடந்து போயின. ஓடிப் போனாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும்; அவை நடந்தே போயின.

அக்கா சோற்றில் நெய்யைக் கூட்டினார். அம்மனுக்கு நேர்ந்து அதன் கழுத்தில் ஒரு நூலும் கட்டினார். நானோ எழுவைதீவிலிருந்து மீன் கொண்டுவரும் கத்தோலிக்க மீனவர் ஒருவரிடம், அவர் என் கடையில் தேநீர் அருந்தும் வேளையில் யோசனை கேட்டேன். அவர் பூனையின் ஆகார விபரத்தை முழுவதும் கேட்டு முடித்து, கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அண்ணை, அது பூனை. நீங்கள் அதைச் சாமியாராக்கப் பாக்கிறியள். அதுக்கு அந்த யோசினை இருக்கோ எண்டு ஒருக்காக் கேட்டனீங்களோ?”

அன்றுதொட்டு அவர் தம் வள்ளத்து அடுப்பிலேயே சில சூடை மீன்களை உப்பும் புளியுமின்றி அவித்து, முள் நீக்கி, ஓலைத்துண்டில் சுற்றித் தருவார். நான் அதனைப் கோப்பித்தூள் வைத்திருந்த பழைய தகரப் பேணி ஒன்றினுள் வைத்து மூடி வீட்டுக்குக் கொண்டுபோவேன். கோப்பி மணத்தை வெல்லக்கூடிய மீன் அந்தக் கடலில் இல்லை. அக்கா விளக்கேற்றப் போகும் நேரமாகப் பார்த்து, என் அறைக்குள் வைத்துக் கொடுப்பேன். விரைவிலே மயிர் மினுங்கிற்று, யன்னற்பாய்ச்சல் கைகூடிற்று, எலிகள் ஓடக் கற்றுக்கொண்டன. ஒரே ஒரு சங்கடம், பேணி மூடியின் ஓசை எங்கு கேட்டாலும் பூனை பறந்து வரும். இதற்குக் கோப்பி விருப்பம் போலும் என்று கருதிய அக்கா ஒருநாள் ஒரு சிரட்டையில் கோப்பி ஆற்றி வைத்தார். பூனை அதனை மரியாதையாக முகர்ந்துவிட்டு, வேறு அலுவல் இருப்பதைப்போல எழுந்து போயிற்று.

பூனை தேறியதற்கு அம்மன் நூலும் பூசணிக்காயுமே காரணம் என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும் என்று இருந்தேன். ஆனால் காரைநகரில் ஒரு கலியாண வீட்டில், தம் கணவரின் சகோதரியாகிய மச்சாளின் முன்னிலையிலும் அவர் இதைச் சொல்லிவிட்டார். மச்சாள் எதையும் தம் கண்ணால் கண்டாலொழிய ஒப்பாதவர். கண்டபின்னும் ஒருமுறை தட்டிப் பார்ப்பவர். வருகிற திருவிழாவுக்கு வந்து தங்கி, அந்த அதிசயத்தைப் பார்க்கிறேன் என்றார். மச்சம் தின்பது தெரிந்தால் பூனையை வள்ளமேற்றுவதாக இட்ட சபதத்தையும் அக்கா அந்தச் சபையில் மறுபடி உரைத்துவிட்டு வந்தார். அக்காவின் வாக்குத் தவறாது. குட்டு வெளிப்பட்டால் பூனை போகும்.

நிற்க. இதற்கிடையில் வேறொரு விந்தையும் நேர்ந்தது. பூனையின் வயிறு நாளுக்குநாள் உருளத் தொடங்கியது. நான் கொடுக்கும் மீனின் அளவு எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு அந்த வயிறு எவ்வகையிலும் பொருந்தவில்லை. பழியை நெய்யின்மேல் போட்டேன். வெளியே விட முடியாத பூனைக்கு ஓட்டம் வேண்டுமென்று, பனங்குருத்தோலையில் ஒரு வெட்டுக்கிளி பின்னி நூலில் கட்டினேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெட்டுக்கிளியைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டுவது பயனற்றது. எந்த எலியும் தானாக வந்து பூனையின் வாயில் ஏறுவதில்லை. அதைப் பூனையை விட்டு விலகி ஓடச்செய்து, நாங்கள் இருக்கும் கதிரையின் காலுக்குப் பின்னே ஒளித்து, சற்று நிறுத்தி, முனையை மட்டும் அசைக்கவேண்டும். முடிவில் பிடிபடவும் விடவேண்டும். என்றும் பிடிபடாத இரை பூனைக்கு வெறுப்பைத் தரும். பிடித்த கையோடு ஆகாரம் வைத்தால், அது தானே உழைத்துத் தின்ற பெருமையுடன் உண்டு உறங்கும். இரண்டு கதிரைக்கால்களில் தும்புக்கயிறு சுற்றிக் கொடுத்தபின் நெற்சாக்கில் நகம் தீட்டுவதையும் விட்டது. அலுமாரியின் உச்சியில் ஒரு சாக்கு விரித்தேன். அங்கிருந்து அது எங்களைப் பார்க்கும் பார்வையில் வீடு யாருடையது என்பது விளங்கும்.

திருவிழாவும் வந்தது, மச்சாளும் வந்தார். அக்காலத்தில் தீவில் மீன் விற்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. எழுவைதீவு வள்ளமும் வராது. கோப்பிப் பேணி வெறுமையாயிற்று. பூனை அதன் பக்கத்திலே போய் இருந்துகொண்டு, பகல் முழுவதும் மூடியையே நோக்கிற்று.

“என்ன தம்பி, உம்மடை பூனை கோப்பிப் பேணிக்குத் தவம் கிடக்குது?” என்று மச்சாள் கேட்டார்.

அதற்குக் கோப்பி பிடிக்கும் என்று அக்கா முந்திக்கொண்டார். இனித் தப்பும் வழி வெட்டுக்கிளி ஒன்றுதான் என்று கண்டேன். வேளை தவறாமல் பூனையை ஓடவைத்துக் களைக்கச்செய்து, களைத்தவுடன் தயிர்ச்சோறு வைத்தேன். ஓடிய பசியில் அது தயிர்ச்சோற்றையும் தின்றது. மச்சாள் முழங்காலில் கையூன்றிக் குனிந்து அதனைப் பார்த்தார். தேர்த்திருவிழா நெருங்கியபோது, உண்மையாய்த்தான் இருக்குமோ என்று தமக்குள்ளே முணுமுணுத்ததையும் என் காதால் கேட்டேன்.

தேர் முடிந்த மாலை, முன்னறையில் உறவினர் கூடித் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். பூனை தயிர்ச்சோறு தின்றிருந்தது. இருந்தும் சபைக்கு முன்னால் அதன் சுறுசுறுப்பைக் காட்டும் ஆசையில் மீண்டும் வெட்டுக்கிளியை எடுத்தேன். ஆட்டுகையில் நூல் அறுந்து, வெட்டுக்கிளி முன்னறை மூலையில் நின்ற அக்காவின் அலுமாரிக்குள் போய் விழுந்தது. கோயிலுக்குப் பட்டுச்சேலை எடுத்த அவசரத்தில் அக்கா அதன் கதவைச் சாத்தாமல் விட்டிருந்தார். பூனை உள்ளே பாய்ந்தது. சேலைகள் சரிந்தன. கராம்பும் வேப்பிலையும் வைத்துக் கட்டிய ஒரு சீலைப்பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, சபையின் நடுவே உதறிற்று. உள்ளேயிருந்து சிந்தியவை நெத்தலிக் கருவாடுகள்.

அவை என்னுடையவை அல்ல என்பதை நான் அறிவேன். அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்தார். பூனையின் வயிறு உருண்ட காரணம் எனக்கு அப்பொழுது வெளித்தது.

“அது என்ரை,” என்றேன்.

“உம்மடை கருவாடு அக்காவின்ரை அலுமாரிக்குள்ளை ஏன் கிடக்குது?” என்றார் மச்சாள்.

“வேறை எங்கை வைச்சாலும் அக்கா கண்டுபிடிச்சிடுவா. தன்ரை அலுமாரியை மட்டும் அவ சந்தேகப்படமாட்டா.”

“பூனைக்குக் குடுக்கவோ?”

“இல்லை மச்சாள். எனக்குத்தான்.”

அந்நேரத்தில் பூனை ஒரு நெத்தலியை நாவினால் தொட்டுப் பார்த்தது. உப்புக் கரித்தது போலும், தலையைச் சிலுப்பியது. அது அதுவரை தின்ற மீனெல்லாம் உப்பின்றி அவித்தது, அல்லது, பின்னர் நான் அறிந்தபடி, அக்கா நாள் முழுக்க நீரில் ஊறவைத்துப் பிய்த்தது. தடிபோல் காய்ந்த இதனை அது ஆகாரமாகவே மதிக்கவில்லை. பாதத்தால் தட்டியது, மேலே எறிந்து பிடித்தது, வெட்டுக்கிளியைப்போலக் கதிரைக்கு அடியில் ஒளித்துவிட்டு, அடுத்த விளையாட்டுக்கு என்னைப் பார்த்தது.

மச்சாள் எழுந்து நின்று சபைக்குச் சொன்னார். “கண்டியளோ. மனிசர் தின்னுகினம், பூனை தின்னேல்லை.”

அதன்பின் அக்காவுக்குக் குரல் வந்தது. அவ்வளவு நிம்மதியுடன் ஒருவர் ஏசி நான் கேட்டதில்லை. எங்கள் வம்சத்தில் இப்படி ஒருவன் பிறந்ததில்லை என்றார். முழுகாமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்றார். கிணற்றடியில் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபோதும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. மச்சாள் எனக்கென்று கொண்டுவந்திருந்த ஒரு சம்பந்தப் பேச்சு அந்தக் கருவாட்டோடு நின்றுபோயிற்று. அப்பெண் பின்னர் வேறிடத்தில் நலமாக வாழ்ந்தார். அதற்காகப் பூனைக்கு நன்றி சொல்லவேண்டியவர் அவரே.

விருந்தினரை வள்ளமேற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அக்கா என்னைப் பாராமலே கேட்டார்.

“எவ்வளவு காலமாய்க் குடுக்கிறாய்?”

“நீங்கள்?”

“நூல் கட்டின கிழமையிலை இருந்து. நூல் தனியச் செய்யாது எண்டு தெரியும்.”

சற்றுத் தூரம் நடந்தபின், “நீ எதுக்குள்ளை ஒளிச்சு வைச்சனி?” என்றார். கோப்பிப் பேணி என்றேன். அவர் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்குவதை நான் காணாததுபோல நடந்தேன். வள்ளம் மீண்டும் வந்தபோது, அக்காவும் தம்மிடமே கருவாடு வாங்குவதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று மீனவரைக் கேட்டேன். “நீங்கள் கேக்கேல்லையே, அண்ணை” என்று அவர் கோப்பையை நீட்டினார்.

அதன்பின் ஒரே பேணி, ஒரே அளவு. அவித்த மீன், சிறிது சோறு, தனிச் சட்டியில் தண்ணீர், பால் இல்லை, கருவாடு கொடுத்தே ஆகவேண்டிய நாளில் நன்றாக ஊறவைத்து, எதற்கும் முன்னதாக வெட்டுக்கிளி. வயிறு வடிந்தது. அது மூப்படைந்து, அலுமாரி உச்சியிலேயே உறக்கத்தில் போகும்வரை ஒரு நோயும் அறியவில்லை. ஊர் மட்டும் அதனைச் சைவப்பூனை என்றது. அக்காவும் இன்றுவரை மறுத்ததில்லை.

ஆகையால், ஐயா அல்லது அம்மணி, அந்தக் கதையைக் கேட்டு எவரேனும் பூசணிக்காய் அவிக்கத் தொடங்குமுன் எடுத்துக் காட்டுவதற்காக, இவ்வெழுத்தை அக்காவின் கண்ணில் படாத ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.